ஒரு சொட்டு கீழே போகக் கூடாது

வெடி சிஸ்டருக்கு அந்தப் பெயர் வந்தது அவளுடைய குரலால்தான் என்று டயாலிசிஸ் யூனிட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது பாதிதான் சரி. மீதிப் பாதி அவளுடைய கையால் வந்தது.

நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். விபத்துப் பிரிவு. குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வந்த ஒருவன், தையல் போடும்போது அவள் மணிக்கட்டைக் கடித்தான். சும்மா பல் பதிகிற கடி இல்லை, சதையைப் பிய்க்கிற கடி. தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் ஊசியோடு இரண்டடி பின்னால் போய்விட்டார். காவலாளியைக் கூப்பிட்டால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் இன்னொரு கையால் அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். அவன் பல்லை எடுத்தான். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு பதினோரு தையலையும் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மெமோ வந்தது. நோயாளியை அடித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, "அடுத்த தடவை கடிக்க வந்தா உங்க கைய நீட்டுங்க சார், நான் பேசாம இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

அடி அவளுக்குப் புதிதில்லை. அப்பா லாரி மெக்கானிக். வாயால் பேசுவதைவிடக் கையில் கிடைத்ததால் பேசுவதுதான் அவருக்குச் சுலபம். அந்த வீட்டில் யார் குரல் பெரிதோ அவர் மேல் அடி கொஞ்சம் குறைவாக விழும். ஏழு வயதிலேயே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். தங்கைகள் இருவரும் மூலையில் பதுங்க, இவள் நடுக்கூடத்தில் நின்று கத்துவாள். கத்தினால் பிழைக்கலாம், தனக்குப் பின்னால் இருப்பவர்களும் பிழைக்கலாம். அவள் கற்றுக்கொண்ட தலைமைப் பண்பு அவ்வளவுதான். பிற்காலத்தில் ஆஸ்பத்திரி அவளை மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியது. ஏசி அறையில் ஒருவர் வண்ண வண்ணப் படமாகப் போட்டுக் காட்டினார். இவள் பின் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டுச் சான்றிதழோடு வந்து சேர்ந்தாள்.

டயாலிசிஸ் தனிப்படிப்பு. பொதுவார்டு நர்ஸ் யாரையும் அந்த மெஷின் பக்கம் நிறுத்திவிட முடியாது. நோயாளியின் கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே வந்து, குழாயில் ஓடி, மெஷினில் சுத்தமாகி, இன்னொன்றின் வழியாக உள்ளே போகும். நாலு மணி நேரம் இப்படி ஓடும். எந்த நிமிடத்தில் பார்த்தாலும் ஒரு பெரிய டம்ளர் அளவு ரத்தம் ஆளுக்கு வெளியே, குழாயில் இருக்கும். முடிகிற நேரத்தில் சலைன் திறந்துவிட்டு அந்த டம்ளர் ரத்தத்தை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். இதை 'திருப்புவது' என்பார்கள்.

திருப்புவதில்தான் வெடியின் உயிர் இருந்தது. சிறுநீரகம் போனவர்களுக்கு உடம்பில் ரத்தம் ஊறுவதே கஷ்டம். அதில் வாரம் மூன்று தடவை ஒரு மடக்கு, இரண்டு மடக்கு என்று குழாயிலேயே விட்டுவிட்டால் ஆள் வெளுத்து, மூச்சு வாங்கி, ஒரு நாள் மாடிப்படியில் விழுந்து சாவான். இதைக் கண்ணால் பார்த்தவள் அவள். அதனால் அவளிடம் ஒரே சட்டம்: ஒரு சொட்டு கீழே போகக் கூடாது. திருப்பி முடித்ததும், ஊசியை எடுப்பதற்கு முன்னால், குழாயைக் கையில் சுற்றி, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். தண்ணீர் மாதிரித் தெளிந்திருக்க வேண்டும். லேசாகச் சிவப்பு தெரிந்தால் போச்சு. "இது என்னடி, ஜூஸா? ஒருத்தர் உடம்புல ஓடின ரத்தம்!" என்று ஒரு சத்தம். அதோடு நிற்காமல், கையில் இருக்கும், குழாயைக் கவ்வி அடைக்கிற ஸ்டீல் கிளாம்ப்பால் விரல் முட்டியில் டொக்கென்று ஒரு தட்டு. முட்டியில் தட்டு வாங்காத நர்ஸ் அந்த யூனிட்டில் வேலை பார்த்ததே இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஊரிலேயே ரத்த அளவு நன்றாக இருந்த நோயாளிகள் அவளுடையவர்கள்தான். வெடி லீவு போட்ட நாளில், "அப்ப நானும் நாளைக்கே வர்றேன்" என்று திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். இன்சார்ஜ் ஆகிப் பதினோரு வருடத்தில் மெஷினில் ஒரு உயிரும் போனதில்லை. அந்தக் கணக்கை அவள் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் நடையில் தெரியும்.

அவளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தது வெடியேதான். வயது நாற்பத்திரண்டு, வெடியைவிட நாலு வயது சின்னவள். பத்து வருடமாக அதே யூனிட். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தினம் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, யூனிட்டின் பின்னால் இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு அறையைத் திறந்து, தண்ணீரைச் சோதித்து எழுதி வைத்துவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வாள். முட்டியில் அதிகம் தட்டு வாங்கியவளும் அவள்தான். திருப்புவதில் அவள் கை கொஞ்சம் நிதானம்.

அவள் தானாக வாயைத் திறந்தது பத்து வருடத்தில் ஒரே தடவை. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தீ, நிலநடுக்கம் மாதிரி ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று போட்டிருக்கும். ரத்தத்தைத் திருப்பாதே. ஊசிப் பக்கம் இரண்டு கிளாம்ப், மெஷின் பக்கம் இரண்டு கிளாம்ப், நடுவில் கத்தரி. ஆளைக் கூட்டிக்கொண்டு ஓடு. அரை நிமிட வேலை. ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போது கோட்டான் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, இத ஒரு தடவ எல்லாரும் செஞ்சு பாத்துக்கலாமா? பழைய குழாய வெச்சு" என்றாள்.

வெடி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பத்து வருஷம் கழிச்சு வாயத் தொறந்தா, ரத்தத்தக் கீழ ஊத்தறதுக்குத்தான் தொறப்பியா? அது சுவத்துக்கு எழுதுனதுடி, நமக்கில்ல." எல்லோரும் சிரித்தார்கள். நோயாளிகள்கூடச் சிரித்தார்கள். கோட்டான் தண்ணீர் அறைக்குள் போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி தாண்டி ஐந்து நிமிடம்.

எட்டு மெஷினில் ஒன்று ரிப்பேர். ஏழு பேர் சாய்வு நாற்காலிகளில் படுத்திருந்தார்கள். கோட்டானிடம் இரண்டு பேர். நெட்டை என்று கூப்பிடப்பட்ட உயரமான பெண்ணிடம் இரண்டு, சுருட்டை முடிக்காரியிடம் இரண்டு. எட்டாம் நம்பர் மெஷினில் கணக்கு வாத்தியார். அவர் வெடியின் ஆள். ஏழு வருடமாக வருகிறார். வேறு யார் ஊசி போட்டாலும் கையை நீட்ட மாட்டார்.

யூனிட்டின் கண்ணாடிக் கதவு, விபத்துப் பிரிவு இருக்கும் அதே நடைபாதையில்தான் திறக்கும். அன்று அங்கே மோட்டார் பைக்கில் அடிபட்ட ஒரு வாலிபனைக் கொண்டுவந்தார்கள். வரும்போதே உயிர் இல்லை. அதை டாக்டர் சொன்ன விதம் சரியில்லையோ, கேட்டவர்களின் மனம் தாங்கவில்லையோ, ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேர் கண்மண் தெரியாமல் அடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு ஆணின் அலறல். அடிபட்ட டாக்டர் கதவுக்கு வெளியே தவழ்ந்து போனதைச் சுருட்டை பார்த்தாள். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிவப்புதான் இருந்தது. அவர் பின்னாலேயே ஒருவன் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனான்.

வெடி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். எடை பார்க்கும் மெஷினை இழுத்துக் குறுக்கே போட்டாள். பழக்கப்பட்ட குரல் வெடித்தது.

"எல்லாரும் திருப்புங்க! ரத்தத்தத் திருப்பு! கதவு அஞ்சு நிமிஷம் தாங்கும்!"

மூன்று பேரின் கைகளும் சலைன் பக்கம் போயின. பதினோரு வருடம் தட்டித் தட்டிப் பழக்கிய கைகள், வேறு எங்கே போகும்?

கதவில் முதல் அடி விழுந்தது. கண்ணாடியில் கோடு ஓடியது. கோட்டான் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"வெட்டு!"

யார் கத்தியது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்படி ஒரு குரலை அந்த யூனிட் கேட்டதே இல்லை. "கிளாம்ப்பப் போடு, வெட்டு! தண்ணி ரூம் வழியா வெளிய போ!"

"கோட்டான், வாய மூடுடி!" என்றாள் வெடி. "ரத்தம் போயிடும்! திருப்புங்கன்னு சொன்னேன்! இங்க நான்தான் இன்சார்ஜ்!"

நெட்டைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவள் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் கோட்டான் தன் ஆட்கள் இருவரையும் வெட்டி எழுப்பிவிட்டாள். அடுத்து நெட்டையின் கையில் கத்தரியைத் திணித்து, தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். நெட்டை வெட்டினாள். சுருட்டை வெட்டினாள். அவசரத்தில் கிளாம்ப் சரியாகக் கடிக்காத மெஷின் பக்கத்துக் குழாய்களிலிருந்து ரத்தம் தரையில் கொட்டியது. வெடி பதினோரு வருடமாக எது நடக்கக் கூடாது என்றிருந்தாளோ அது நடந்தது. நோயாளிகள் கையில் தொங்கிய குழாய்த் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, ரத்தத்தில் வழுக்கி வழுக்கி, தண்ணீர் அறை வழியாகப் பின்வாசலுக்குப் போனார்கள். நடக்க முடியாத ஒருவரை நெட்டை முதுகில் தூக்கிக்கொண்டாள். ஆறு பேர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெடி எட்டாம் நம்பருக்குப் போனாள். அங்கே சலைன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்ணெல்லாம் நெருப்பாக இருந்தது. வெளியே அடிக்கிறவர்கள் மேல் இருந்த கோபத்தைவிட, உள்ளே தன் பேச்சை மீறியவள் மேல் இருந்த கோபம் பெரிது. இந்த ஒருவரையாவது முறையாகத் திருப்பிக் காட்டுகிறேன் என்று நின்றாள். வெட்கம்கெட்ட பிடிவாதம் அது. இதைச் சொல்லும்போது எனக்கே அவளை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

"வெட்டும்மா" என்றார் வாத்தியார். "வெட்டிடு. நான் பாத்துக்கறேன்."

"பொறுங்க சார். இன்னும் ரெண்டே நிமிஷம்."

"அக்கா, வாங்க!" தண்ணீர் அறை வாசலில் இருந்து கோட்டான் கத்தினாள்.

கதவு உடைந்து உள்ளே விழுந்தது.

முதல் ஆள் மூன்றாம் நம்பர் மெஷினை உதைத்துச் சாய்த்தான். இன்னொருவன் ஐந்தாம் நம்பரின் திரையில் கம்பியை இறக்கினான். காலியான மெஷின்களை அடித்தது அவர்களுக்குப் போதவில்லை. தண்ணீர் அறை இரும்புக் கதவு பக்கம் நாலு பேர் ஓடினார்கள். உள்ளிருந்து கோட்டான் இழுத்துப் பூட்ட, இவர்கள் பிடித்து இழுக்க, கதவுக்கும் நிலைக்கும் நடுவே அவளுடைய விரல்கள் மாட்டி நொறுங்கின. அப்படியும் பூட்டிவிட்டாள்.

வெடி என்ன செய்துகொண்டிருந்தாள்? திருப்பி முடித்துவிட்டாள். முடித்ததும் கை தானாகக் குழாயைச் சுற்றி டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கியது. தெளிந்திருக்கிறதா என்று பார்த்தாள். பத்தடி தூரத்தில் கம்பியோடு ஆள் நிற்கும்போது, தலைக்கு மேல் கையை உயர்த்தி, குழாயில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள்.

அந்தக் கணத்தில் தோளில் ஒரு அடி விழுந்தது. இரண்டாவது அடி தலையில். அவள் சாய்ந்தாள். கையில் சுற்றிய குழாயும் அவளோடு வந்தது. குழாயோடு வாத்தியாரின் கையிலிருந்த ஊசிகள் சதையைக் கிழித்துக்கொண்டு வந்தன.

டயாலிசிஸ்காரர்களின் கை நரம்பு மற்றவர்களுடையது மாதிரி இல்லை. அறுவை செய்து பெரிதாக்கி வைத்தது. திறந்தால் குழாய் உடைந்த மாதிரிப் பாயும். தரையில் கிடந்தபடி அவள் அதைப் பார்த்தாள். வாத்தியார் இன்னொரு கையால் அழுத்தினார். விரல்களுக்கு நடுவில் பீய்ச்சியது. எழுந்துபோய் ஒரு கட்டைவிரலை அதன் மேல் வைத்தால் போதும். அவள் எழப் பார்த்தாள். ஒரு பூட்ஸ் கால் அவள் முதுகை மிதித்து ஊன்றிக்கொண்டு மெஷினை அடித்தது. வாத்தியாரின் கண் செருகியது. அழுத்தியிருந்த கை நழுவி மடியில் விழுந்தது. நாற்காலியின் கைப்பிடியிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக இல்லாமல் ஒரே கோடாக அவள் முகத்துக்கு எதிரே இறங்கியது. அதற்குப் பிறகு அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது தலையில் ஒன்பது தையல். வாத்தியார் இறந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் அவளுடைய படம் பேப்பரில் வந்திருந்தது. மூடிய கைக்குள் குழாய் அப்படியே இருந்தது. 'நினைவிழந்தும் நோயாளியை விடாத செவிலியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மருத்துவக் கண்காணிப்பாளர் பழக்கூடையோடு வந்தார். நர்சிங் சூப்பிரண்டென்ட் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், அந்த இடம் உங்களுக்குத்தான் என்றார். "விசாரணைன்னு ஒண்ணு இருக்கு. சும்மா சம்பிரதாயம். நீங்க திருப்பச் சொன்னீங்க, அந்தம்மா எதிர்த்து வெட்டச் சொல்லிக் குழப்பிட்டாங்க. அதனாலதான் ஒரு உசுரு போச்சு. இத மட்டும் சொல்லுங்க, போதும். அவங்கள சஸ்பெண்ட் பண்ணியாச்சு."

கதவுக்கு ஒரு காவலாளிகூட இல்லாததைப் பற்றி அவர் பேசவில்லை. ஒரு நர்ஸின் தலையில் கட்டிவிட்டால் எல்லோருக்கும் வசதி.

வெடி கூடையிலிருந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடியே விழுந்தாலும் பதிலுக்கு இடிக்கிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே கிடந்தாள். கோட்டான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. சுருட்டை வந்து பார்த்துவிட்டு, "அவங்களுக்கு ரெண்டு விரல் போச்சுக்கா. ஒட்ட வெச்சிருக்காங்க, மடக்க வராதாம்" என்றாள். "உங்களப் பத்தி ஏதாவது சொன்னாங்களான்னு கேக்கறீங்களா? இல்லக்கா. தலை வலி எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

வெடியின் புருஷன் பஸ் டிரைவர். சாதுவான ஆள். இருபது வருடமாக அவள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, பஸ்ஸில் ஹாரன் அடிப்பதே குறைந்துவிட்டது என்பார். விசாரணைக்கு முந்தின நாள் மதியம், தையல் பிரித்த இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரமா வீடு அமைதியா இருக்கு" என்றார். "எனக்குப் பயமா இருக்கு. என்ன ஆச்சு, சொல்லு."

சொன்னாள். திருப்பச் சொன்னது, வாத்தியார் வெட்டச் சொன்னது, குழாயைத் தூக்கிப் பார்த்தது, விழுந்தது, எல்லாம். "அவனுங்க ஊசியப் புடுங்கலங்க. நான் புடுங்கினேன். யாருக்கும் தெரியாது."

அவர் மருந்து டப்பாவை மூடினார். "சொன்னா வேலை போகுமா?"

"போகும்."

"சொல்லலன்னா?"

"அவ போவா."

"நீ என்ன செய்யப் போறன்னு எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா நீ இப்படிப் பேசாம இருந்தா என்னால இந்த வீட்ல இருக்க முடியாது. எதையாவது கத்திட்டு வந்துடு."

விசாரணை அறையில் மூன்று பேர். கண்காணிப்பாளர், ஓய்வு பெறப்போகும் சூப்பிரண்டென்ட் அம்மா, நிர்வாகத்தின் வக்கீல். மூலையில் கோட்டான், வலது கையில் கட்டோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெடி உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள். அது வெடிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"உங்க உத்தரவ மீறி இவங்க வெட்டச் சொன்னாங்களா?" என்றார் வக்கீல்.

"சொன்னா. மீறித்தான் சொன்னா. அதனாலதான் ஆறு பேர் உசுரோட இருக்காங்க. அவ பேச்சக் கேக்காத ஒரே ஆளு நான். செத்தது என்னோட ஆளு."

கண்காணிப்பாளர் இருமினார். வக்கீல் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், உங்களுக்குத் தலையில அடி. நினைவு சரியா இருக்காது. நோயாளி கையில இருந்து ஊசியப் புடுங்கினது உள்ள புகுந்தவங்க."

"நான்."

"அத நீங்க எப்படி உறுதியா..."

வெடிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேஜைமேல் கிடந்த போன் சார்ஜர் ஒயரை எடுத்தாள். அவர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் ஒரு முனையை அவர் மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றினாள். மறு முனையைத் தன் கையில் சுற்றித் தலைக்கு மேல் தூக்கினாள். "இப்படித்தான் நின்னேன். லைட்டுல குழாயப் பாத்துக்கிட்டு. ஆளக் கொல்ல வந்தவன் முன்னாடி நின்னுக்கிட்டு, சுத்தமா இருக்கான்னு பாத்தேன். அப்ப அடி விழுந்துச்சு." சொல்லிவிட்டு, சும்மா காட்டுவதோடு நிற்காமல், முழு உடம்போடு தரையில் விழுந்தாள்.

வக்கீல் மேஜை மேல் குப்புற இழுபட்டார். டீக் கோப்பை பறந்தது. ஃபைல்கள் சிதறின. அவர் மணிக்கட்டில் ஒயர் அறுத்து ஒரு சிவப்புக் கோடு எழும்பியது. "ஐயோ, விடுங்க, விடுங்க!" என்று அலறினார்.

"வலிக்குதா?" தரையில் கிடந்தபடியே அவள் கேட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். "அவருக்கு ஊசி சார். பெரிய ஊசி. ரெண்டு."

சூப்பிரண்டென்ட் அம்மாதான் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடிக்கிறவரை தலையைத் தூக்கவில்லை.

வெளியே பெஞ்சில் வாத்தியாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். தன்னையும் கூப்பிடுவார்கள் என்று காலையிலிருந்து காத்திருந்தாள். ஏழு வருடமாக வாரம் மூன்று நாள், புருஷனை உள்ளே விட்டுவிட்டு நாலு மணி நேரம் நடைபாதையில் உட்காரும் அதே மாதிரி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெடியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கடைசி வரைக்கும் அவர விடலியாமே. பேப்பர்ல படிச்சேன்மா. நல்லா இருப்பீங்க."

வெடி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளே சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை கத்தவில்லை.

"அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

"வெட்டிடும்மான்னு சொன்னாரு. நான் ரெண்டு நிமிஷம் பொறுங்கன்னு சொன்னேன்."

அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தாள். எழுந்தாள். சின்ன உருவம், உட்கார்ந்திருந்த வெடியின் உயரம்தான் இருந்தாள். அவள் அடித்த முதல் அடி தையல் போட்ட பக்கம் விழுந்தது. இரண்டாவது காதில். அப்புறம் எண்ணிக்கை இல்லை. முடியைப் பிடித்து, முகத்தில், தோளில், மூச்சு வாங்க வாங்க அடித்தாள். வெடி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வளர்ந்த பிறகு, தெரிந்தே திருப்பி அடிக்காமல் அவள் வாங்கிய அடி அதுதான். பிரிக்க ஓடிவந்தவர்களை, "விடுங்க, யாரும் வராதீங்க" என்று தடுத்தாள். தையல் போட்ட இடம் திறந்து, நெற்றி வழியாக ரத்தம் இறங்கியது. அடித்து ஓய்ந்தபின் அந்த அம்மாள் அவள் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

ஆறு மாதம் சஸ்பென்ஷன். அதற்குப் பிறகு இன்சார்ஜ் பதவி இல்லை, சாதாரண நர்ஸ். எந்த வார்டு வேண்டும் என்று கேட்டார்கள். கண் மருத்துவப் பிரிவு போங்கள், சண்டை சச்சரவு இருக்காது என்றார்கள். அவள் டயாலிசிஸ்தான் என்றாள். வெட்கமாக இல்லையா என்று யாரோ முதுகுக்குப் பின்னால் கேட்டது அவள் காதில் விழுந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்த முதல் நாள் காலை, யூனிட்டில் புதுக் கதவு, பாதிக்கு மேல் புது மெஷின். இன்சார்ஜ் மேஜையில் கோட்டான். மடங்காத இரண்டு விரலோடு பேனா பிடித்து எழுதிக்கொண்டிருந்தாள். நோயாளிகள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நாலு மெஷினில் பழைய குழாய் மாட்டி, சிவப்பு மை கலந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தினம் இப்படித்தானாம். ஆறு மாதமாக.

"எட்டாம் நம்பர் உங்களுக்குக்கா" என்றாள் கோட்டான்.

வெடி போய் நின்றாள். நெட்டையும் சுருட்டையும் தங்கள் இடத்தில் நின்றார்கள். கோட்டான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"வெட்டு!"

மூன்று கிளாம்ப் கடிக்கிற சத்தம் கேட்டது, நாலு கேட்டது, கத்தரி சத்தம் கேட்டது. நெட்டை முடித்துவிட்டாள், சுருட்டை முடித்துவிட்டாள். வெடியின் கை சலைன் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவளுக்கே தெரியாமல் அங்கே போயிருந்தது.

கோட்டான் அருகில் வந்தாள். கையில் ஸ்டீல் கிளாம்ப் இருந்தது. வெடி அதைப் பார்த்தாள். பதினோரு வருடம் மற்றவர்கள் அவளிடம் நீட்டியது போல, விரல்களை மடக்கி முட்டியை நீட்டினாள்.

"கைய இறக்குங்கக்கா" என்றாள் கோட்டான். "அடிக்கிறதுக்கெல்லாம் நேரமில்ல. ஆளு செத்துக்கிட்டு இருக்காரு." கிளாம்ப்பை அவள் உள்ளங்கையில் வைத்தாள். "மறுபடியும்."

"சரி சிஸ்டர்" என்றாள் வெடி. கோட்டான் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

"வெட்டு!"

இந்தத் தடவை வெடியின் கை கிளாம்ப்போடு குழாய்க்குப் போனது. நாலையும் போட்டாள், நடுவில் வெட்டினாள். சிவப்புத் தண்ணீர் செருப்பின் மேல் கொட்டியது. ஆனால் போவதற்கு முன்னால் அந்தக் கை சலைன் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டுத்தான் போனது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கோட்டான் பார்த்துவிட்டாள்.

"மறுபடியும்" என்றாள்.